கேப்பெல் பாண்டு

மாளிகையைக் காண்போர் அதன் மாடங்களை வியப்பர். அடியில் மறைந்து அதனைத் தாங்கும் அஸ்திவாரத்தை நினைப்போர் அரியர். ஐரோப்பிய இசையில் அவ்வஸ்திவாரத்தை ஒத்த கருவி பசூன். அது சீவாளி வைத்து ஊதப்பெறும் நீண்ட மரக்குழல், இரண்டாக மடித்தமைந்தது, தாழ்ந்த கம்பீர நாதமுடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிற கருவிகளின் இசையைக் கீழிருந்து தாங்குவதே பெரும்பாலும் அதன் தொழில். அதனை முன்னழைத்துத் தனித்துப் பாடச்செய்த ஆங்கிலேயர் சிலருள் ஒருவரது வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

கேப்பெல் பாண்டு 1730-ஆம் ஆண்டு குளோஸ்டர் நகரிற் பிறந்தார். பன்னிரண்டு வயதில், அந்நகர்ப் பேராலயத்தில் ஆர்கன் வாசித்த மார்ட்டின் ஸ்மித் என்பாரிடம் மாணாக்கராயினார். 1749-இல், நாம் கல்லூரியிற் பயிலும் இவ்வயதிலேயே, காவென்ட்ரி நகரத்துப் பரிசுத்த மிகாவேல் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பொறுப்பை ஏற்றார். 1752-இல் அண்டையிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் பணியும் இவரை அடைந்தது. இலண்டன் மாநகரம் அந்நாளில் இசைவாணர்க்குப் பொன்னும் புகழும் அளிக்கும் களமாயிருந்தது. இவரோ இறுதிவரை அவ்விரு ஆலயங்களிலுமே ஊழியஞ் செய்தார்.

1766-இல் ஏழு பகுதிகளாலான ஆறு கான்செர்ட்டோக்களை வெளியிட்டார். கான்செர்ட்டோவாவது, ஒரு கருவியேனும் சில கருவிகளேனும் தலைமை தாங்கிப் பேச, ஏனையவை விடை பகர்வதுபோல் அமைந்த இசை. முதலாவதில் எக்காளத்திற்குத் தலைமை அளித்தார். அரசர் முன்னும் படை முன்னும் முழங்கும் கருவிக்கு அச்சிறப்புத் தகுமென எவரும் ஒப்புவர். ஆறாவதிலோ அவ்விடத்தைப் பசூனுக்கு ஈந்தார். வயலின்கள் அடங்கி வழிவிடப் பசூன் பாடுகிறது. பாரந் தாங்கவே பிறந்ததென்று எண்ணப்பட்ட குரலில் இனிமையும் துள்ளலும் இருந்தமை அப்போது புலனாகிறது.

1768-இல், ஏழை நோயாளர்க்கு மருத்துவமனை எழுப்பப் பொருள் திரட்டும்பொருட்டுப் பர்மிங்காமில் முதல் இசைவிழா நிகழ்ந்தது. ஹாண்டலின் மேசியா முதலியன ஒலித்த அவ்விழாவை நடத்தியவர் இவரே. அம்மருத்துவமனை 1779-இல் திறக்கப்பெற்றது. 1769-இல் ஆறு ஆலய கீதங்களையும் வெளியிட்ட இவர், 1790-இல் காவென்ட்ரியிலேயே உயிர்நீத்தார்.

1918-இல் பேராலயமாக உயர்ந்த மிகாவேல் ஆலயம், 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் எரிந்தது. சுவர்களும் கோபுரமும் எஞ்ச, அவர் வாசித்த இடத்திற்கு இன்று வானமே கூரை. பசூனுக்கு அவர் அளித்த இசையோ அழியவில்லை, இன்றும் வாசிக்கப்படுகின்றது. எக்காளத்தின் பின்னே ஓடுதல் நமக்கெல்லாம் எளிது. தாங்கி நிற்பவனுக்கும் சொந்தப் பாட்டு ஒன்றுண்டென அறிந்து அவனை முன்னழைப்பதற்கோ, தாமும் தாங்கி நின்று பழகிய ஒருவர் வேண்டியிருந்தது.