வாளும் வயலினும் ஏந்திய வீரர்

கற்ற வித்தையைக் கொண்டு ஒருவரை மதிப்பதா, பிறந்த குலத்தைக் கொண்டு மதிப்பதா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த செவாலியர் சென் ஜோர்ஜின் சரித்திரத்தை நாம் இவ்வினாவை மனத்திற்கொண்டே நோக்குவோம்.

ஜோசப் பொலோன் என்னும் இயற்பெயருடைய இவர், 1745ஆம் ஆண்டு மேற்கிந்திய தீவுகளுள் ஒன்றான குவாதலூப்பிற் பிறந்தார். தந்தை பிரெஞ்சுத் தோட்ட முதலாளி. தாய் நானோன் என்னும் அடிமைப் பெண். ஆதலால் தந்தையின் உயர்குடிப் பட்டம் மகனைச் சேர முடியாதிருந்தது. ஆயினும் தந்தை அவரைக் கைவிட்டாரல்லர். ஏழு வயதிற் பிரான்சுக்கு அனுப்பி, பதின்மூன்றாம் வயதில் லா போவெசியேர் என்னும் ஆசானிடம் வாள்வித்தை பயிலச் சேர்த்தார்.

மாணவராயிருந்த காலத்திலேயே பிக்கார் என்னும் வாளாசிரியர் இவருடைய பிறப்பைப் பழித்துப் பேசினார். இவர் சொல்லால் விடையிறுக்கவில்லை. ரூவான் நகருக்குச் சென்று அவரை வாளால் வென்றார். 1766இல் இத்தாலிய வீரர் பால்டோனியிடம் தோற்றபோதும், வென்றவரே இவர் திறமையை வியந்து போற்றினார். 1787இல் இலண்டனில் வேல்ஸ் இளவரசர் முன்னிலையில் இவர் ஆடிய வாட்போட்டியை ஓவியர் ஒருவர் தீட்டிய படம் இன்றும் உளது.

வாள் பிடித்த கையே வயலினையும் பிடித்தது. 1773இல் பாரிசின் சிறந்த வாத்தியக் குழுவொன்றுக்கு இவர் தலைவரானார். ஒஸ்திரிய இசைமேதை ஹெய்டன் பாரிசுக்கென இயற்றிய ஆறு சிம்பொனிகளும் இவர் நடத்திய மற்றொரு குழுவினால் அரங்கேறின.

இத்தகையவரை 1776இல் பாரிசு இசைநாடக அரங்கின் தலைமைக்கு நியமிக்கக் கருதினர். அரங்கின் முதன்மை நடிகையர் மூவர், கலப்பினத்தவர் ஒருவரின் ஆணைக்குத் தாம் அடங்கி நடப்பது தகாதென அரசிக்கு விண்ணப்பித்தனர். பதவி கைகூடவில்லை. வாட்கூடத்தில் எவர் தொட்டார், எவர் தொடப்பட்டார் என்பதே கணக்கு. அங்கே தோலின் நிறம் தீர்ப்புக் கூறுவதில்லை. அரண்மனை வாயிலிலோ வேறு கணக்கு இருந்ததை நாம் காண்கின்றோம்.

சமத்துவம் பேசிய புரட்சியின் பக்கம் இவர் நின்றதில் வியப்பில்லை. 1792இல் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் சேர்ந்த படையொன்றுக்குக் கேணலானார். நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவின் தந்தை இவரின்கீழ்ப் பணியாற்றியவர். அப்புரட்சி அரசே 1793இல் இவரைச் சிறையிலிட்டது. ஏறக்குறைய ஓராண்டின் பின் விடுதலை பெற்றவர், படைத்தலைமையை மீண்டும் நிலையாகப் பெறாமலே 1799இல் பாரிசிற் காலமானார்.

1794இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறையை நெப்போலியன் 1802இல் மீட்டான். குவாதலூப் மக்களின் கிளர்ச்சியை அடக்கி அதனை நிலைநாட்டிய தளபதி ரிஷ்பான்சின் பெயர் பாரிசின் வீதியொன்றுக்கு நெடுங்காலம் இருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பெயர் நீக்கப்பட்டு, அடிமைப் பெண்ணின் மைந்தர் சென் ஜோர்ஜின் பெயர் அவ்வீதிக்கு இடப்பட்டது.

நீதி வந்தது, ஆனால் இருநூறு ஆண்டுகள் கழித்து வந்தது. இளைஞர்காள்! எவ்வித்தையாயினும் பழுதறக் கற்போம். அதனினும் மேலாக, நம் சபைகளில் ஒருவரை வரவேற்குமுன் அவர் பிறப்பை விசாரியாதிருக்கவும் கற்போம். மூத்தோர் இதில் நமக்கு வழிகாட்டுவாராக.