கிங்காங் (மற்போர் வீரர்)

கிங்காங் (இயற்பெயர்: எமில் சாயா, பிறப்பு: 1909, இறப்பு: மே 1970) ஹங்கேரியைச் சேர்ந்த தொழின்முறை மற்போர் வீரர் ஆவார். 1930கள் முதல் 1970 வரை மேடையேறிய இவர், சிங்கப்பூர், மலாயா, இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் பெரும் புகழ் பெற்றிருந்தார். இந்தியாவில் தாரா சிங்கின் முதன்மை எதிராளியாகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்குவதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே இவர் இறந்துவிட்டார். ஆயினும் இவரது மேடைப்பெயர் பேச்சுத்தமிழில் பருத்த உடல் கொண்டவரைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது.

இளமையும் பெயரும்

எமில் சாயா அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் 1909ஆம் ஆண்டு பிறந்தார். இவரது ஒன்பதாம் வயதில், முதல் உலகப் போரின் முடிவில், 1918ஆம் ஆண்டு அப்பேரரசு சிதறுண்டது. பிழைப்புக்காக நாடுவிட்டு நாடு சென்ற ஐரோப்பிய மற்போர் வீரர்களின் தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். அக்காலத்தில் இவ்வீரர்கள் கப்பலில் பயணம் செய்து, ஒவ்வொரு துறைமுக நகரிலும் சில வாரங்கள் தங்கிப் போட்டியிட்டுவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வது வழக்கம்.

1933ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்தில் நியூயார்க் நகரின் உயர்ந்த கட்டிடத்தின் மீது ஏறும் மாபெரும் குரங்கின் பெயர் கிங்காங். இப்படம் உலகெங்கும் பெரும் வெற்றி பெற்றது. சாயா இப்பெயரையே தமது மேடைப்பெயராகக் கொண்டார். இவரது எடை ஏறத்தாழ 400 பவுண்டு, அதாவது சுமார் 180 கிலோ ஆகும். 200 கிலோ என்று எழுதுவோரும் உண்டு. அடர்ந்த தாடியும் பரந்த மார்பும் கொண்ட இவரது தோற்றத்திற்கு அப்பெயர் பொருந்தி அமைந்தது. நாளடைவில் இயற்பெயர் மறைந்து மேடைப்பெயரே நிலைத்தது.

தொழின்முறை மற்போர்: ஒரு விளக்கம்

கிங்காங்கின் வாழ்வைப் புரிந்துகொள்ள அவர் ஈடுபட்ட தொழிலின் தன்மையை அறிவது தேவையாகும். இந்தியாவின் மரபுவழிக் குஸ்தி மண் கோதாவில் நடைபெறுவது. எதிராளியின் தோள்களையும் முதுகையும் மண்ணில் படச் செய்பவர் வெற்றி பெறுவார். பயில்வான் என்ற சொல் பாரசீக மொழியின் பகலவான் என்ற சொல்லிலிருந்து வந்தது. அச்சொல்லோடு சேர்ந்து மன்னர் ஆதரவு, உணவுக் கட்டுப்பாடு, குரு மரபு ஆகியவையும் தமிழ்நாடு வரை பரவின.

தொழின்முறை மற்போர் இதிலிருந்து வேறுபட்டது. இது கயிறுகளால் சூழப்பட்ட மேடையில் நடைபெறும். எதிராளியின் தோள்களைத் தரையோடு அழுத்தி, நடுவர் மூன்று எண்ணும் வரை வைத்திருந்தால் ஒரு வெற்றி கணக்கிடப்படும். மூன்றில் இரண்டு முறை வெல்பவரே வெற்றியாளர் என்ற முறையும் அக்காலத்தில் பரவலாக இருந்தது. இருவர் இருவராக மோதும் அணிப் போட்டிகளும் இதில் உண்டு.

இத்துறையில் ஒரு போட்டியின் முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவது. மேடையில் நல்லவர், கெட்டவர் என இரண்டு வேடங்கள் உண்டு. விதிகளை மீறுவதும், நடுவரை ஏமாற்றுவதும், பார்வையாளரைச் சினமூட்டுவதும் கெட்டவரின் பணிகள். இறுதியில் நல்லவரின் வீரம் வெளிப்படும்படி தோற்பதும் அவர் பணியே. எனினும் உடலில் விழும் அடியும் வீழ்ச்சியின் வலியும் நடிப்பல்ல. 180 கிலோ எடையுள்ள ஒருவர் பல்லாண்டுகள் தொடர்ந்து தரையில் விழுவது உடலை வருத்தும் செயலாகும். கிங்காங் தம் தொழில் வாழ்வின் பெரும்பகுதியில் ஏற்றது இந்த இரண்டாவது வேடத்தையே.

சிங்கப்பூர்க் காலம்

ஐரோப்பாவிலிருந்து வெளியேறிப் பல நாடுகளில் போட்டியிட்ட கிங்காங், பின்னர் சிங்கப்பூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். அந்நகரில் நியூ வேர்ல்டு, கிரேட் வேர்ல்டு, ஹாப்பி வேர்ல்டு என்ற மூன்று பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. நாடகம், நடனம், திரைப்படம், குத்துச்சண்டை, மற்போர் ஆகிய அனைத்தும் இப்பூங்காக்களில் இடம்பெற்றன. சீனர், மலாய் மக்கள், தமிழர், சீக்கியர் எனப் பல இனத்தவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த காட்சிகளுள் மற்போரும் ஒன்று. மொழி தெரியாதவருக்கும் விளங்கும் கலை என்பதால் அது அங்கு எளிதில் வேரூன்றியது.

1947ஆம் ஆண்டு பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் வந்த இளைஞர் தாரா சிங், அங்கு ஹர்னாம் சிங் என்பவரிடம் மற்போர் பயின்றார். பின்னர் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலேயாவின் வெற்றிவீரர் எனப் பெயர் பெற்றார். இக்காலத்தில் சிங்கப்பூர்-மலாயா வட்டாரத்தில் அசைக்க முடியாத பெயராக இருந்தவர் கிங்காங். 1928இல் பிறந்த தாரா சிங்குக்கும் இவருக்கும் இடையே 19 ஆண்டு வயது வேறுபாடு இருந்தது. பின்னாளில் இந்தியா முழுவதும் பேசப்பட்ட இவர்களது எதிரணி உறவின் வேர் இந்த வட்டாரத்திலேயே உள்ளது.

ஜப்பானில் கிங்காங்

ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1953ஆம் ஆண்டு தொடங்கியது. 1954 பெப்ரவரியில் முன்னாள் சுமோ வீரர் ரிக்கிடோசான் கனடிய வீரர்களுடன் மோதிய காட்சிகள் ஒளிபரப்பாயின. வீட்டில் தொலைக்காட்சி இல்லாத மக்கள் தெருமுனைகளில் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன் ஆயிரக்கணக்கில் கூடினர். போரில் தோற்ற ஒரு நாட்டிற்கு, உருவத்தில் பெரிய அயல்நாட்டவரை வீழ்த்தும் தம்மவர் ஒருவர் தேவைப்பட்டார் என்று இதற்கு விளக்கம் கூறுவர்.

அடுத்த ஆண்டு கிங்காங் ஜப்பானுக்கு வரவழைக்கப்பட்டார். 1955 நவம்பரில் இவரும் டைகர் ஜோகிந்தர் சிங்கும் இணைந்து, ரிக்கிடோசான், ஹெரால்டு சகாட்டா இணையை வென்று, அனைத்து ஆசிய இணையர் பட்டத்தைப் பெற்றனர். சகாட்டா 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். 1964இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு படமான கோல்டுஃபிங்கரில் தொப்பியை வீசிக் கொல்லும் அடியாளாக நடித்தவரும் இவரே.

அதே மாதம் 22ஆம் நாள் டோக்கியோவில் நடந்த அனைத்து ஆசியத் தனியர் பட்டப் போட்டியில் கிங்காங் ரிக்கிடோசானிடம் தோற்றார். ரிக்கிடோசானின் புகழை உறுதிப்படுத்திய வெற்றிகளுள் இதுவும் ஒன்றாகும். அப்பட்டம் அவர் காலத்திற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

இந்தியாவில் கிங்காங்

1950களின் தொடக்கத்தில் தாரா சிங் இந்தியா திரும்பினார். 1954ஆம் ஆண்டு டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று ருஸ்தம்-எ-ஹிந்த் பட்டம் பெற்றார். 1959ஆம் ஆண்டு கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டமும், 1968ஆம் ஆண்டு பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸை வென்று உலகப் பட்டமும் பெற்றார்.

இக்காலகட்டத்தில் பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை முதலிய நகரங்களில் நடைபெற்ற மற்போர்க் காட்சிகளில் தாரா சிங் - கிங்காங் மோதலே பெருங்கூட்டத்தை ஈர்த்தது. தாரா சிங்கின் எடை சுமார் 130 கிலோ. அவரைவிட ஏறத்தாழ 50 கிலோ கூடுதலாக இருந்த கிங்காங்கை அவர் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி எறிந்தார் என்பது இந்திய மற்போர் வரலாற்றில் மிகவும் பரவலாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியாகும். ஊருக்கு ஊர் இக்கதையின் இடமும் நாளும் மாறுகின்றன. பல நகரங்களில் இவர்கள் மோதியிருப்பதால் இம்மாற்றம் வியப்புக்குரியதன்று.

ஒரு மனிதரைத் தலைக்கு மேல் தூக்க, தூக்குபவரின் வலிமை மட்டும் போதாது. தூக்கப்படுபவர் உடலை விறைப்பாக வைத்துச் சமநிலை காக்க வேண்டும். பின்னர் கழுத்தும் முதுகும் முறியாமல் விழவும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தாரா சிங்கின் புகழ்பெற்ற அத்தருணத்தில் கிங்காங்கின் பயிற்சிக்கும் பங்குண்டு.

தாரா சிங் கதைத்தலைவராக நடித்து 1962ஆம் ஆண்டு வெளிவந்த இந்தித் திரைப்படத்தின் பெயரும் கிங்காங் என்பதே. பாபுபாய் மிஸ்திரி இயக்கிய இப்படத்தின் பெயரே அச்சொல் அன்றைய இந்திய மக்களிடம் பெற்றிருந்த செல்வாக்கைக் காட்டுகிறது.

இறுதிக் காலம்

அறுபது வயதை எட்டிய பின்னரும் கிங்காங் மற்போர்த் துறையை விட்டு விலகவில்லை. 1970ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு சாலை விபத்தில் இவர் படுகாயமுற்றார். அக்காயங்களிலிருந்து மீளாமல் அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரில் காலமானார். மேடையில் ஆயிரக்கணக்கான முறை விழுந்து எழுந்தவரின் முடிவு மேடைக்கு வெளியே நேர்ந்தது. தாரா சிங் 1983ஆம் ஆண்டு வரை மற்போரில் ஈடுபட்டு, 2012 சூலை 12 அன்று மும்பையில் மறைந்தார்.

தொலைக்காட்சியும் நினைவும்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைக்கு அது 1975 ஆகஸ்டு 15 அன்றே வந்தது. ஆகவே தமிழ்நாட்டு மக்கள் கிங்காங்கைத் தம் ஊர்த் தொலைக்காட்சியில் காணவில்லை. சுவரொட்டி, செய்தித்தாள், வாய்மொழி ஆகியவையே அவர் புகழைப் பரப்பின. ஜப்பானியர் திரையில் கண்ட ஒருவரைத் தமிழர் பெரும்பாலும் செவிவழியாகவே அறிந்தனர்.

1987 சனவரி முதல் 1988 சூலை வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான இராமாயணம் தொடரில் தாரா சிங் அனுமனாக நடித்தார். அவரை அனுமனாக மட்டுமே அறிந்திருந்த சிறுவர்களுக்கு, அவர் கிங்காங்கைத் தூக்கி எறிந்த கதையைப் பெரியவர்கள் கூறினர். இவ்வாறு ஒரு தலைமுறையின் நினைவு அடுத்த தலைமுறையை அடைந்தது.

1990களில் கேபிள் தொலைக்காட்சி வந்தபின் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளிலும் அமெரிக்க மற்போர் வீடுதோறும் நுழைந்தது. வீரர்களின் உயரம், எடை, மார்பளவு ஆகியவை அச்சிடப்பட்ட சீட்டுகளை வைத்துச் சிறுவர்கள் விளையாடினர். எடை என்று கேட்டால் வெல்லும் சீட்டுகளுள் யோகோசுனா, எர்த்குவேக் போன்றோரின் சீட்டுகள் இருந்தன. இன்று அதிகம் பேசப்படாத இவர்களை அத்தலைமுறையினர் அச்சீட்டுகளின் வழியாகவே நினைவுகூர்கின்றனர்.

கிங்காங் ஏற்ற வேடம் இவ்வீரர்களிடமும் தொடர்ந்தது எனலாம். 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் போன்டியாக் நகரில் ஹல்க் ஹோகன் பிரெஞ்சு வீரர் ஆந்த்ரே தி ஜயன்டைத் தூக்கி எறிந்த காட்சி உலகப் புகழ் பெற்றது. 1993 சூலை 4 அன்று நியூயார்க்கில் இன்ட்ரெபிட் என்ற பழைய போர்க்கப்பலின் மேல்தளத்தில் லெக்ஸ் லூகர் யோகோசுனாவைத் தூக்கி எறிந்தார். யாராலும் தூக்க முடியாத பேருருவத்தை ஒருவர் தூக்கிவிடும் இக்காட்சியை, தொலைக்காட்சி இல்லாத இந்திய நகரங்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே தாரா சிங்கும் கிங்காங்கும் நிகழ்த்திக் காட்டியிருந்தனர். சமோவா வழிவந்த அமெரிக்கரான யோகோசுனா ஜப்பானியராக வேடமேற்றவர். இவரும் அயல்நாட்டில், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், 2000 அக்டோபர் 23 அன்று 34ஆம் வயதில் உயிர் நீத்தார்.

தமிழ் வழக்கில்

கிங்காங் என்ற சொல்லைத் தமிழர் இன்று பல பொருளில் வழங்குகின்றனர். பெருத்த உடல் கொண்டவரைக் கேலியாகக் குறிப்பது அவற்றுள் ஒன்று. இதற்குத் திரைப்படக் குரங்கும் மற்போர் வீரரும் ஆகிய இரண்டு மூலங்களும் சேர்ந்தே காரணமாகலாம். உயரத்தில் மிகக் குறைந்த தமிழ் நகைச்சுவை நடிகர் ஒருவருக்கும் நகைமுரணாக இப்பெயரே அமைந்தது. அவர் 1990இல் வெளிவந்த அதிசயப் பிறவி படத்தில் ரஜினிகாந்துடன் நடித்த காட்சியால் அறியப்பட்டவர்.

மதிப்பீடு

வெற்றிகளின் பட்டியலைக் கொண்டு பார்த்தால் கிங்காங் இரண்டாம் வரிசை வீரராகவே தோன்றக்கூடும். ஜப்பானில் ரிக்கிடோசானிடமும் இந்தியாவில் தாரா சிங்கிடமும் தோற்றவராகவே வரலாற்று நூல்கள் இவரைக் குறிக்கின்றன. ஆனால் இரு நாடுகளும் தத்தம் நாயகரைக் கண்டெடுத்தபோது எதிரே நின்றவர் இவரே. இவரது உருவமும் பெயரும் அச்சமூட்டாதிருந்தால் அவ்வெற்றிகளுக்கு அத்தனை மதிப்பு ஏற்பட்டிருக்காது. பிறந்த நாடு சிதைய, அயல் நாடுகளில் வாழ்ந்து, பிறர் புகழுக்குத் துணைநின்ற இவ்வீரரின் இயற்பெயர் இன்று பலருக்கும் தெரியாது. மேடைப்பெயரோ அவரைக் கண்டிராதோர் நாவிலும் வழங்கி வருகிறது.