பார்க்க முடியாத வீடியோவைப் பதிவு செய்தவர்

உங்க வீட்டு பீரோவுல அம்மா அப்பாவோட கல்யாண கேசட் ஒண்ணு கிடக்கும். அதை லேப்டாப்பில் ஏற்ற ஒரு கேப்சர் கார்டு வாங்கி, வி.சி.ஆரை இணைத்து, ஒரு வாரம் மல்லுக்கட்டியவர்கள் நம்ம டிபார்ட்மென்டிலேயே இருக்கீங்க. படம் ஓரத்தில் நெளியும், கோடுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாது, கடுப்பாகும். அந்தக் கடுப்பு ஏறக்குறைய நூறு வருஷம் பழசு. அதை முதலில் அனுபவித்தவர் ஜான் லோகி பேர்ட்.

1888 ஆகஸ்ட் 13-ல் ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோவில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். கிளாஸ்கோவில் நம்மைப் போல இன்ஜினியரிங் படித்தார். பிறகு பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தார், ஆனால் முதல் உலகப்போர் குறுக்கே வந்ததால் அந்தப் பட்டத்தை முடிக்கவில்லை. உடம்பு எப்பவும் சரியில்லை. ராணுவமும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. மின்சாரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சாக்ஸ் விற்றார், டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் காய்ச்சினார், திரும்பி வந்து சோப்பு விற்றார். சாக்ஸ் நல்லா ஓடியது. ஜாமில் பூச்சிதான் விழுந்தது.

1923-ல் உடம்பு தேற வேண்டும் என்று ஹேஸ்டிங்ஸ் கடற்கரை ஊருக்கு வந்தார். அங்கேதான் கிறுக்கு பிடித்தது. தேயிலைப் பெட்டி, தொப்பி வாங்கிய அட்டைப்பெட்டி, தையல் ஊசி, சைக்கிள் விளக்கின் லென்ஸ், அரக்கு, இவ்வளவுதான் லேப். அட்டையில் சுருளாக ஓட்டை போட்டு வேகமாகச் சுற்றினால், ஒவ்வொரு ஓட்டையும் காட்சியின் ஒரு கோட்டைத் தடவிச் செல்லும். அந்த ஒளியை ஒரு செல் மின்சாரமாக மாற்றும். ஐடியா அவருடையது இல்லை, நிப்கோவ் என்ற ஜெர்மானியர் 1884-லேயே காப்புரிமை வாங்கியது. ஓட வைத்துக் காட்டியதுதான் பேர்ட். நடுவில் ஆயிரம் வோல்ட் ஷாக் வாங்கினார். கை வெந்ததோடு தப்பித்தார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

லண்டன் ஃப்ரித் தெருவின் மாடி அறை அடுத்த லேப். விளக்குச் சூட்டில் மனுஷன் உட்கார முடியாது என்பதால் ஸ்டூக்கி பில் என்ற பொம்மைத் தலையை வைத்தே சோதித்தார். 1925 அக்டோபர் 2-ல் அந்த முகம் திரையில் தெளிவாக வந்ததும் கீழே ஓடி, வில்லியம் டெய்ன்டன் என்ற ஆபீஸ் பையனை இழுத்து வந்து பொம்மை இடத்தில் உட்கார வைத்தார். பையன் சூடு தாங்காமல் நகர, காசு கொடுத்து மறுபடி உட்கார வைத்தாராம். 1926 ஜனவரி 26-ல் விஞ்ஞானிகள் சுமார் 40 பேர் அந்த மாடியேறி வந்து பார்த்தார்கள்.

இனிதான் நம்ம விஷயம். அவருடைய படம் 30 கோடுதான். ஒரு கோட்டுக்கு 70 புள்ளி என்று வையுங்க, நொடிக்கு 12.5 படம். பெருக்கினால் நொடிக்கு 26,250 புள்ளி. அதாவது சுமார் 13 கிலோஹெர்ட்ஸ் சிக்னல். காதில் கேட்கிற எல்லைக்குள்ளேயே வந்துவிட்டது! அப்போ அதை ஏன் கிராமஃபோன் தட்டில் வெட்டக் கூடாது? 1927 செப்டம்பர் 20-ல் ஸ்டூக்கி பில்லை மெழுகுத் தட்டில் பதிந்தார். ஃபோனோவிஷன் என்று பெயர். தட்டு அவ்வளவு தாங்காது என்பதால் நொடிக்கு 4 படம் அளவுக்குக் குறைத்தார். உலகில் மிச்சமிருக்கும் மிகப் பழைய வீடியோ பதிவு அதுதான்.

ஆனா போட்டுப் பார்த்தால் உருப்படியான படம் வரவில்லை. சுழலும் தட்டின் வேகம் கொஞ்சம் ஆட, கோடுகள் தொடங்கும் இடம் நழுவியது. பேர்ட் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். கலர் டிவி, அட்லாண்டிக் தாண்டிய டிவி என்று 1928-லேயே செய்து காட்டினார். மனுஷனுக்கு ஒன்றில் நிற்கத் தெரியாது. என் கணக்கில் அதுதான் அவருடைய பலமும் பலவீனமும். 1936-ல் பி.பி.சி. அவருடைய 240 கோட்டு முறையையும் மார்கோனி-இ.எம்.ஐ.யின் 405 கோட்டு முறையையும் மாற்றி மாற்றி ஒளிபரப்பியது. அதே நவம்பர் 30-ல் கிரிஸ்டல் பேலஸ் தீயில் அவருடைய லேப் பெரும்பாலும் எரிந்தது. 1937 பிப்ரவரியில் அவருடைய முறையை நிறுத்திவிட்டார்கள். சொந்தக் காசில் கலர் டிவி ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1946 ஜூன் 14-ல் 57 வயசில் போய்ச் சேர்ந்தார். அந்தத் தட்டுகளில் என்ன இருக்கிறது என்று அவர் சரியாகப் பார்க்கவே இல்லை.

1980-களின் தொடக்கத்தில் டொனால்ட் மெக்லீன் என்ற இன்ஜினியர் அந்தத் தட்டுகளின் ஒலியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஆடியோவைச் சாம்பிள் பண்ற மாதிரியே சாம்பிள் பண்ணி, ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, நழுவியதை இழுத்து நேராக்கி, இரைச்சலை வடிகட்டினார். இன்னைக்கு வி.எச்.எஸ். கேப்சரில் டைம் பேஸ் கரெக்டர் செய்கிறதும் இதே வேலைதான். அதை நீங்க வி.சி.ஆருக்கும் கார்டுக்கும் நடுவில் வைத்தால் ஓரத்து நெளிசல் போகும். படத்தை ஃபைலாக்கிய பிறகு சாஃப்ட்வேரில் சரி செய்வது அதைவிடக் கஷ்டம், ஏன்னா கேப்சர் ஆகும்போதே ஒத்திசைவுத் தகவல் போய்விடுகிறது.

பேர்ட் எடுத்தது மட்டும் இல்லை. 1933 ஏப்ரலில் பி.பி.சி. 30 கோட்டில் ஒளிபரப்பிய ஒரு நடன நிகழ்ச்சியை யாரோ ஒரு ரசிகர், வீட்டில் குரல் பதிகிற அலுமினியத் தட்டில் பிடித்து வைத்திருந்தார். வீட்டிலேயே டிவியைப் பதிவு செய்த வேலை, வி.சி.ஆர். வருவதற்குப் பல பத்தாண்டு முன்னாடி! 1990-களில் அதுவும் மெக்லீன் கைக்கு வந்தது. சுமார் நாலு நிமிஷம். முப்பதே கோட்டில், பெண்கள் வரிசையாகக் கால் தூக்கி ஆடுகிறார்கள். 1928 மார்ச் மாதத் தட்டு ஒன்றில் மிஸ் பவுன்ஸ்ஃபோர்டு என்ற பெண் தலையை அங்கும் இங்கும் அசைக்கிறார். ரெண்டும் நெட்டில் இருக்கு. பார்க்கும்போது திரையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்க, முகம் அப்போதான் பிடிபடும்.