இரும்பாலைக்குப் போகாத இன்ஜினீயர்

ஹோமி ஜஹாங்கீர் பாபாவும் நம்மைப் போல மெஷின் படித்தவர்தான். 1909 அக்டோபர் 30-ல் பம்பாயில் பிறந்தார். மெக்கானிக்கல் முடித்து ஜாம்ஷெட்பூர் டாட்டா இரும்பாலைக்கு வரவேண்டும் என்று அப்பா கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். பையனுக்கோ இயற்பியல் மேல் ஆசை. முதல் வகுப்பில் தேறினால் இஷ்டப்பட்டதைப் படிக்கலாம் என்று ஏற்பாடு. தேறிவிட்டார்!

1939-ல் லீவுக்கு ஊர் வந்தவரை யுத்தம் இங்கேயே நிறுத்திவிட்டது. பெங்களூரில் சி.வி.ராமனோடு சில வருஷம். 1945-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், 1948-ல் அணுசக்திக் கமிஷன் தலைவர், 1954-ல் டிராம்பே.

1956 ஆகஸ்ட் 4-ல் அங்கே அப்சரா உலை ஓடத் தொடங்கியது. எரிபொருள் இங்கிலாந்துச் சரக்கு, உலை நம்ம ஆட்கள் செய்தது. உலை இருந்ததே ஒரு தண்ணீர்க் குளத்துக்குள். அந்தத் தண்ணீரே சூட்டையும் தணித்தது, கதிர்வீச்சையும் தடுத்தது.

மின் நிலைய உலைக்கு வேறு எரிபொருள். அது சாட்சாத் நம்ம செராமிக் சமாச்சாரம்! யுரேனியம் ஆக்சைடு பொடியை வில்லையாக அழுத்தி, சுமார் 1,700 டிகிரியில் சுடுகிறார்கள். அது உருக 2,800 டிகிரி வேண்டும். கதிரியக்கக் கழிவில் பெரும்பகுதியைச் சுட்ட வில்லையே தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவேப்பிலங்குறிச்சியில் பஸ் ஏறி விருத்தாசலம் சூளையைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

பணியாளருக்கோ வெளியாருக்கோ தீங்கு வராமல், மற்ற நிறுவனங்களுக்கு முன்மாதிரியாகக் கதிரியக்கப் பொருளைக் கையாள வேண்டும் என்று 1960-லேயே பாபா உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. ஆனால் கமிஷன் தலைவர், துறைச் செயலாளர், டிராம்பே டைரக்டர் மூன்றும் அவரே. உலை கட்டுகிறவரே அதைச் சோதிக்கவும் செய்தால் சரிவருமா? எனக்கு ஒப்பவில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல்தான் வந்தது.

1966 ஜனவரி 24-ல் ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதி 117 பேரும் மாண்டார்கள். அதில் பாபாவும் ஒருவர், வயது 56. தாராப்பூர் மின்சாரத்தை (1969) அவர் பார்க்கவில்லை.

நாமே கட்டவேண்டும் என்ற அவர் பிடிவாதத்தில் எழுந்தது கல்பாக்கம். 1984-ல் முதல் உலை, 1986-ல் இரண்டாவது. 1988, 89-ல் இரண்டிலும் கனநீர் நுழையும் குழாய் அமைப்பு முறிந்தது. பல வருஷம் 170 மெகாவாட்டோடு ஓட்டினார்கள், பிறகு நம் இன்ஜினீயர்களே சரிசெய்தார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமித் தண்ணீர் பம்ப் ஹவுஸில் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது.