நீதியின் வழி நடந்த பேரறிஞர் ஹெஷல்

1907ஆம் ஆண்டு போலந்து நாட்டின் வார்சா நகரில், யூத சமய குருமார் மரபில் தோன்றியவர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல். பெர்லினில் தீர்க்கதரிசிகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். போலந்து நாட்டு யூதர் என்பதால், 1938இல் நாஜி அரசு அவரை ஜெர்மனியினின்று வெளியேற்றியது. 1940இல் அவர் அமெரிக்கா சேர்ந்தார். தாயையும் சகோதரியர் மூவரையும் அக்கொடுங்காலத்தில் இழந்தார்.

நியூயார்க் யூத இறையியல் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்த அவர், 1962இல் தீர்க்கதரிசிகளைப் பற்றிய பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். எளியோரை ஒடுக்குவோரின் வழிபாட்டை இறைவன் ஏற்பதில்லை என்பதே அப்பெரியோர் போதனை. அதனைக் கற்றபின் ஏட்டறிவோடு அமைய அவர் மனம் ஒப்பவில்லை.

1963இல் சிக்காகோ மாநாட்டில் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார், நட்பு மலர்ந்தது. 1965 மார்ச் 21 அன்று, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகச் செல்மா நகரினின்று புறப்பட்ட பேரணியில், நரைத்த தாடியுடன் முன்வரிசையில் நடந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. வியட்நாம் போரையும் எதிர்த்துப் போராடிய அவர், 1972இல் மறைந்தார்.

தம் இனம் பட்ட துயரைப் பிற இனத்தார் துயரிலும் கண்டவர் ஹெஷல். இளைஞர்களே! நாம் பெறும் பட்டங்களும் நம்மோடு நின்றுவிடலாகாது. ஒடுக்கப்பட்டோர் எவராயினும் அவருடன் நடப்பதே கற்றதன் பயனாகும்.