அறிவியல் மேதை ஜகதீச சந்திர போஸ்

இன்றைய வங்கதேசத்திலுள்ள மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் ஜகதீச சந்திர போஸ். தந்தையார் பகவான் சந்திரர் அரசு அலுவலர். எனினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். ஒருபுறம் முஸ்லிம் ஊழியரின் மகனும் மறுபுறம் மீனவரின் மகனும் அமர்ந்திருக்க, அவர்தம் கல்வி தொடங்கிற்று.

இங்கிலாந்தில் பட்டம் பெற்றுத் திரும்பிய போஸ், 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் ஆங்கிலேயருக்குரிய ஊதியம் அவருக்கு மறுக்கப்பட்டது. குறைந்த ஊதியத்தைத் தொட மறுத்த அவர், குடும்பம் கடனில் தவித்தபோதும் மூன்றாண்டுகள் ஊதியமின்றியே பாடம் நடத்தினார். இறுதியில் முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பெற்றது.

ஆய்வுக்குத் தக்க கூடமும் அங்கில்லை. பாடவேளை முடிந்தபின் ஒரு சிற்றறையில் ஆய்ந்தார். தகர வேலை செய்யும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு கருவிகள் செய்தார். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மின்காந்த அலைகளை அக்கருவிகள் எழுப்பின. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின்றிச் சென்ற அலைகள் சுவர்களைக் கடந்து மணியை ஒலிக்கச் செய்தன. 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது.

கண்டுபிடிப்பால் பொருளீட்ட அவர் விரும்பினாரல்லர். ஆனால் அவருடைய அருமையை உணர்ந்தோர் சிலர் இருந்தனர். கவிஞர் தாகூர் திரிபுரா மன்னரிடமிருந்து பொருளுதவி பெற்றுத் தந்தார். அமெரிக்க அம்மையார் சாரா புல் காப்புரிமை பெறுமாறு வற்புறுத்தினார். அலைகளை உணரும் படிகக் கருவிக்கு 1901இல் விண்ணப்பம் செய்யப்பட்டு, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிற்காலக் குறைகடத்திக் கருவிகளுக்கு அது முன்னோடி எனலாம்.

தாம் பட்ட இடர் பிறர் படலாகாது எனக் கருதிய போஸ், 1917இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1937 நவம்பர் 23இல் அவர் மறைந்தார். அந்நிறுவனம் இன்றும் நிலைத்து நிற்கிறது.

போஸின் அறிவு கல்லூரிச் சிற்றறையிலேயே முடங்கிவிடாமல் காத்தது அவர்தம் உறுதி. அதற்குத் துணைநின்றது நண்பர்தம் ஊக்கம். அத்தகைய சிற்றறைகள் நம் கல்லூரிகளிலும் உண்டு. அங்கே மாலையில் விளக்கெரியக் கண்டால், உள்ளே உழைப்பவருக்கு வேண்டியது யாதெனக் கேட்டறிந்து உதவுவது நம் அனைவரின் கடமையாகும்.