சோண்ட்ரே நூர்ஹைம்: காட்டு வேரில் பாதக்கட்டுச் செய்த குத்தகைக்காரர்

நோர்வே என்றதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தமும், கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனங்களும், ஒஸ்லோவில் குடியேறிய உறவினர்களும்தான். அந்த நாட்டில் காணியற்ற ஒருவர் கையால் செய்த சறுக்குப் பலகைதான் இன்றைய பனிச்சறுக்கு விளையாட்டுக்கு அடித்தளம் என்பதை நான் வாசித்து அறிந்தது மிகவும் பிந்தித்தான்.

சோண்ட்ரே 1825 ஜூன் 10இல், தெலமார்க் பகுதியிலுள்ள மொர்கெடால் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். பிறருடைய காணியில் குடிலமைத்து, அதற்கு ஈடாக உழைத்துக் கொடுக்கும் குத்தகைக் குடும்பம். தகப்பன் பெயர் ஔவர் என்பதால் இவர் ஔவரின் மகன் சோண்ட்ரே. நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் போடுகிறோம், அவர்கள் பின்னால் போட்டார்கள். நூர்ஹைம் என்பது பிற்பாடு குடியிருந்த குடிலின் பெயர். சொந்தமில்லாத ஒரு நிலத்தின் பெயரோடுதான் உலகம் அவரை அறிந்திருக்கிறது.

காசில்லாதவர் பலகைக்கு எங்கே போவார்? காட்டுக்குத்தான். அந்நாட்களில் முழுப்பலகையும் ஒரே மரத்திலிருந்து செதுக்கப்பட்டது. கணு இல்லாத, நார் நேராக ஓடும் மரமாகப் பார்த்து எடுக்கவேண்டும். கணு இருந்தால் பாயும்போது அந்த இடத்தில் முறியும். முனையைச் சூடாக்கி மேல்நோக்கி வளைப்பார்கள். ஈரம் ஊறாமல் அடிப்பாகத்தில் பைன் தாரைச் சூட்டோடு பூசுவார்கள்.

இவையெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை. சோண்ட்ரே மாற்றியவை வேறு. பழைய பலகைகளில் விரல்ப்பக்கம் மட்டும் ஒரு வளையத்துக்குள் இருக்கும், குதி கட்டின்றி இருக்கும். பாய்ந்தால் பலகை கழன்றுவிடும். அவர் பேர்ச் மரத்தின் வேர்களை முறுக்கி, குதியைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டார். கால் பலகையோடு நின்றது, ஆனாலும் குதியை உயர்த்த முடிந்தது. பலகையை வழக்கத்திலும் கட்டையாக்கி, நடுவை ஒடுக்கமாகச் செதுக்கினார். இடுப்பு ஒடுங்கிய பலகை, சரித்தவுடன் தானாகவே வளைந்து திரும்பும். இன்று கடையில் விற்கும் பலகைகளின் பக்கங்களிலும் அந்த வளைவு இருக்கிறது.

1868இல் தலைநகர் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், போட்டி நடந்தது. வயது 42. நண்பர்களோடு சுமார் 200 கிலோமீற்றரைச் சறுக்கியே கடந்து வந்து வென்றார். நகரத்தவர்கள் வியந்தார்கள். ஆனால் கைதட்டலால் அடுப்பு எரியாது. ஊர் திரும்பியவர் பழைய வறுமைக்குள்ளேயே திரும்பினார்.

1884இல், கிட்டத்தட்ட 59 வயதில், மனைவி ரன்னையோடும் பிள்ளைகளோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நோர்வேயிலிருந்து அங்கு குடியேறச் சென்ற முதலாவது குழுவின் கப்பல் புறப்பட்டதும் அவர் பிறந்த அதே 1825இல்தான், சில வாரங்களின் பின். மினசோட்டாவில் சில காலம், பிறகு வடக்கு டகோட்டா. குடியேறிகளுக்கு 160 ஏக்கர் காணி வழங்கும் சட்டம் அப்போது இருந்தது. அந்தக் காணி ஆதிக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை எழுதாமல் கடக்க என்னால் முடியவில்லை. காணியற்றவர் காணி தேடிப்போன இடம், வேறு யாரோ காணியிழந்த இடமாக இருந்தது.

டகோட்டாவில் பனி கொட்டும், ஆனால் மலையில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமவெளி. அங்கும் வீட்டு வாசலில் ஒரு சோடிப் பலகையைச் சாத்தி வைத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. அவற்றை மாட்டிக்கொண்டு அவர் எங்கே போயிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1897 மார்ச்சில் இறந்தார். டென்பிக் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள லூத்தரன் தேவாலய மயானத்தில் அடக்கம் செய்தார்கள். கல் வைக்கவில்லை.

1952இல் ஒஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, அவர் பிறந்த குடிலின் அடுப்பில் சுடர் ஏற்றி, 94 பேர் கைமாற்றிச் சறுக்கியபடி தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். அன்றும் டகோட்டாவில் அவருடைய குழி அடையாளமின்றித்தான் கிடந்தது. அதன்மேல் கல் நாட்டப்பட்டது 1966இல், அவர் இறந்து 69 ஆண்டுகளின் பின்.